துரைமார் மீன்

மகனே,

உன் தங்கை காகிதத்தை விரித்து, பேனாவை மையில் தொட்டுக்கொண்டு, "நலம், நலமறிய ஆவல்னு ஆரம்பிக்கட்டுங்களா அத்தா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீ நலமாக இருப்பாயா என்பது இதைப் படித்து முடித்த பிறகுதான் தெரியும். முதலில் ஒரு காரியம் செய். உன்னோடு அறையில் தங்கியிருப்பவர் பக்கத்தில் இருந்தால் அவர் வெளியே போகும்வரை இதைப் பிரிக்காதே. பிரித்துவிட்டாயானால் மடித்து வை. கவரின் ஓரம் பிரித்து மறுபடி ஒட்டியதுபோல் இருக்கிறதா என்றும் பார். கெட்டில் ஆவியில் காட்டிக் கவர் பிரிக்கிறவர்களின் பக்கத்தில் நின்று வயதைக் கழித்தவன் நான். உன் தங்கை நான் சொல்வதை அப்படியே எழுதுகிறாளா என்பதும் எனக்கு நிச்சயமில்லை. ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் வாசித்துக் காட்டச் சொல்கிறேன். "பெத்த புள்ள மேலயும் நம்பிக்கை இல்லீங்களா?" என்கிறாள். இல்லை என்றுதான் சொன்னேன். அதையும் எழுதச் சொன்னேன்.

நீ ரயிலேறி இன்றோடு ஒன்பது நாள். சென்னையில் ரகசியப் போலீஸ் ஆபீசில் குமாஸ்தா உத்தியோகம் என்று உத்தரவு வந்ததிலிருந்து நம் வீட்டில் யாரும் மெதுவாகப் பேசவில்லை. கோயம்புத்தூரிலிருந்து உன் மாமு வந்து கடைவீதி முழுக்க மிட்டாய் கொடுத்தார். ஊட்டி ஸ்டேஷனில் வண்டி நகர மணி அடித்த பிறகு ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டாய்: "அத்தா, பெரிய துரைகிட்ட அத்தனை வருஷம் டபேதாரா இருந்தீங்களே. பயங்கரவாதிங்கள அவரு எப்படித்தான் கண்டுபுடிப்பாரு? எனக்கு ஒரு வழி சொல்லிக் குடுங்க." சுற்றி ஆள்கள் நின்றார்கள். "மூஞ்சியப் பாக்காதே, காலப் பாரு" என்று சொல்லி, குன்னூர் ஸ்டேஷனில் புதுப் பூட்சு போட்டு இறங்கியவனின் டிபன் கேரியரில் துப்பாக்கி இருந்த கதையைச் சொன்னேன். நீ நூறு தடவை கேட்ட கதைதான். எல்லாரும் சிரித்தார்கள், வண்டி போய்விட்டது. அந்தக் கதை பொய்யில்லை. ஆனால் நீ கேட்டதற்கு முழுப் பதில் அதுவும் இல்லை. மீதியைச் சொல்லாமலே செத்துப்போய்விடலாம் என்று நினைத்திருந்தேன். நீ போன மூன்றாம் நாள் பழனியம்மா நம் வீட்டுக்கு வந்தாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

பழனியம்மாவை உனக்கு முகம் தெரிந்திருக்கலாம். கிளென்மார்கனில் பாறை உடைக்கிற வேலையில் இருந்த மாரப்பனின் சம்சாரம். மாரப்பனின் பேர் உங்கள் ஆபீசில் ஒரு காகிதக் கட்டுக்குள் இருக்கிறது. கவர்னர் மலை ஏறும்போதெல்லாம் அவரைப் பிடித்து லாக்கப்பில் வைப்பார்கள், கவர்னர் இறங்கியதும் விடுவார்கள். இந்த யுத்தம் வந்ததிலிருந்து விடுவதும் இல்லை, குன்னூர் லாக்கப்பிலேயே வைத்திருக்கிறார்கள். இப்போது நெஞ்சுச் சளியில் ரத்தம் வருகிறது. இந்த மாசக் கடைசியில் அவரைக் கீழே வெகுதூரத்தில் ஒரு காவல் முகாமுக்கு அனுப்பப்போகிறார்கள். போனால் திரும்ப மாட்டார் என்று லாக்கப்புக்கு வரும் கம்பவுண்டரே அவளிடம் சொல்லியிருக்கிறார். மாரப்பன் பேர் அந்தக் கட்டுக்குள் போனது என்னால். எப்படி என்று சொல்கிறேன்.

பெரிய துரை என்று நாம் சொல்லும் அவர் அப்போது இந்த மாகாணத்துப் போலீசுக்கெல்லாம் மேலானவர். வெயில் ஆரம்பித்ததும் சென்னை சர்க்கார் தன் காகிதக் கட்டுகளோடு ஊட்டிக்கு ஏறிவிடும், அவரும் ஏறுவார். பெர்ன்ஹில் பக்கத்தில் பங்களா. முதல் வருஷம் பங்களா ஆபீசுக்கு டபேதார் வேண்டும் என்று நாலு பேரை வரிசையாக நிறுத்தினார். முன்னால் நின்ற மூன்று பேரும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு காகிதத்தைத் தலைகீழாக நீட்டினார். அவர்கள் அதைத் திருப்பிப் பிடித்தார்கள். நான் வாங்கினபடியே பிடித்துக்கொண்டு நின்றேன். "இவன் போதும்" என்றார். ரகசியக் காகிதம் தூக்குவதற்குக் கண் இருந்தும் குருடனாக ஒருவன் வேண்டியிருந்தது. எனக்கு எழுத்துத்தான் தெரியாது. யார் வந்தார், யார் போனார், எந்தக் கட்டு எந்த நாளில் எந்த மேசைக்குப் போனது, யார் எந்தப் பேரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தினார், எல்லாம் மண்டைக்குள் இருக்கிறது. துரைக்கு அது தெரிய மூன்று வருஷம் ஆயிற்று. தெரிந்த பிறகு என்னைக் கூப்பிட்டுக் கேட்க ஆரம்பித்தார். "நீ கண்டதைச் சொல். நினைத்ததைச் சொல்லாதே" என்பார். பரீட்சைக்குப் படித்த தமிழ், ஆனால் நல்ல தமிழ். மாகாணத்தையே ஆள்கிற போலீஸ் துரை என்னைக் கேட்டு எழுதிக்கொள்கிறார் என்று எனக்குத் தலை கொஞ்சம் பெருத்துவிட்டது. நான் கடைவீதியில் நடந்தால் ஆள்கள் பேச்சை நிறுத்துவார்கள். அதை மரியாதை என்று நினைத்தேன்.

உன் சுன்னத்து நடந்த வருஷம் எல்லாரும் பயந்துபோயிருந்த வருஷம். பைக்காரா, கிளென்மார்கன் பக்கமெல்லாம் மின்சாரம் எடுக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. மலையைக் குடைந்து, குழாய் பதித்து, ஆயிரக்கணக்கான ஆள்கள். வடக்கே வங்காளத்தில் துரைமாரைச் சுடுகிறார்கள் என்று தினமும் தந்தி. இங்கேயும் சில இளவட்டங்கள் மலையேறி ஏதோ செய்யப்போகிறார்கள் என்று கீழிருந்து ஒரு காகிதம் வந்தது. துரை பங்களாவைச் சுற்றி ஆள் போட்டார், கவர்னர் ரயிலுக்கு முன்னால் டிராலி விட்டார். சந்தேகம் என்பது ஜலதோஷம் மாதிரி அந்தப் பங்களா முழுக்கத் தொற்றிக்கொண்டது. சமையல்காரன் பட்லரைச் சந்தேகப்பட்டான், பட்லர் என்னைச் சந்தேகப்பட்டான். அப்போதுதான் தபாலாபீசிலிருந்து ஓட்டமாக ஓடிவந்து சொன்னார்கள், ஒரு பார்சல் டிக் டிக் என்கிறது என்று. துரை தாமே போனார். எல்லாரையும் வெளியே நிறுத்திவிட்டு, பயப்படாமல் அதைத் தூக்கி ஒரு வாளித் தண்ணீரில் முக்கினார். ஒரு நாள் ஊறிய பிறகு பிரித்தால் குன்னூர் எஸ்டேட் துரைசாணி ரிப்பேருக்கு அனுப்பிய மேசைக் கடிகாரம். கடிகாரக்கடை சாயபு தலையிலடித்துக்கொண்டு வந்தார்: "ஏனுங்க டபேதாரே, நின்னு போன கடிகாரம்னுதானுங்க எழுதியிருந்தாங்க! வர்ற வழியில குலுங்கி அதுவா ஓடியிருக்கு, இப்ப நிசமாவே நின்னு போச்சு. நான் என்னத்தைச் சொல்லட்டும் அந்த அம்மாவுக்கு?" எனக்குச் சிரிப்பு வந்தது. துரைக்கு வரவில்லை. கிளப்பில் அவர் உள்ளே நுழைந்தால் மற்ற துரைமார் நாக்கைத் தட்டி டிக் டிக் என்று சத்தம் போடுவார்களாம், பட்லர் சொன்னான். இதை நினைவில் வைத்துக்கொள். பெரிய இடத்தில் இருப்பவர்களுக்குத் துப்பாக்கியைக் கண்டு வராத பயம் சிரிப்பைக் கண்டு வரும். ஒரு தடவை சிரிப்புக்கு ஆளான அதிகாரியின் கீழே வேலை செய்யும்போது இரண்டு மடங்கு ஜாக்கிரதையாக இரு.

அந்த வாரம்தான் உன் சுன்னத்து விருந்து. உன் மாமு முன்கூட்டியே வந்து உட்கார்ந்துகொண்டு என்னைச் சீண்டினார். "மலைமேல இருக்கறீங்க, போலீஸ் துரைக்கே டபேதார்ங்கறீங்க. அந்தத் துரைமாரு திங்கற மீன ஒரு நாளாவது எங்க கண்ணுல காட்டியிருக்கீங்களா மச்சான்? நமக்கு வழக்கம்போல ஆட்டுக்கறிதானா?" சீமையிலிருந்து முட்டை கொண்டுவந்து ஆற்றில் விட்டு வளர்த்த மீன் அது. உடம்பெல்லாம் புள்ளி. லைசென்ஸ் வாங்கித் தூண்டில் போட்டுத் துரைமார் மட்டும் பிடிக்கலாம். நம்மவர் பிடித்தால் அபராதம், வேலையும் போகும். நான் உன் மாமுவிடம், "இந்த விருந்துல பாருங்க" என்று சொல்லிவிட்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. வெறும் வீம்பு.

செவ்வாய்ச் சந்தையில் மாரப்பனைப் பார்த்துக் கேட்டேன். எனக்கும் அவருக்கும் பத்து வருஷப் பழக்கம். நான் காய்ச்சலில் கிடந்தபோது பைக்காராவிலிருந்து நடந்து வந்து பார்த்தவர். "அதுக்கென்னங்க ராவுத்தரே, நம்ம பையன் விசேசம், நான் கொண்டாறேனுங்க" என்றார். எப்படி என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டாமா? பாறைக்கு வைக்கும் வெடித் தோட்டாவை ஸ்டோரிலிருந்து மலைக்குச் சுமக்கிற ஆள் அவர். அதில் மூன்றை மடியில் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஆள் நடமாட்டமில்லாத ஆற்று மடுவில் திரி வைத்துப் போட்டிருக்கிறார். திங்கட்கிழமை காலை சாக்கில் சுற்றி ஒரு கூடை மீன் பஸ்ஸில் வந்து இறங்கியது. சுத்தமாகக் கழுவி, மஞ்சள் தடவி, இலை வைத்துக் கட்டியிருந்தது. உன் மாமுவின் முகத்தை அன்று பார்க்க வேண்டும். உன் தொண்டையில் முள் சிக்கி நீ அலறினாய், நான் வாழைப்பழத்துக்கு ஓடினேன். மாரப்பன் உன் முதுகைத் தட்டிக்கொண்டு, "துரை மீனு, முள்ளும் இங்கிலீசுலதான் குத்தும் சாமி" என்றார். எல்லாரும் சிரித்தோம். நீயும் அழுதுகொண்டே சிரித்தாய்.

புதன்கிழமை ஸ்டோரில் எண்ணிக்கை எடுத்தார்கள். மூன்று தோட்டா குறைந்தது. அன்று மாலைக்குள் செய்தி பங்களாவுக்கு வந்து, மறுநாள் துரை நேரே கிளென்மார்கனுக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். ஸ்டோரைப் பார்த்தார், சாவி வைத்திருந்தவர்களை விசாரித்தார், மின்சாரக் கம்பத்தையெல்லாம் சுற்றி வந்தார். பிறகு, மனசு குழம்பினால் எப்போதும் செய்வதுபோல, தூண்டிலை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு இறங்கினார். வலையும் கூடையும் என் கையில். மடுவின் ஓரத்தில், மரவேருக்குள், விரல் நீளக் குஞ்சு மீன்கள் வயிறு வெளுத்துச் செத்து மிதந்தன. கொஞ்சமில்லை. குளிர்ந்த தண்ணீரில் நாலு நாளாகியும் உருக்குலையவில்லை. துரை ஒன்றை எடுத்துப் பேனாக் கத்தியால் வயிற்றைக் கீறினார். உள்ளே காற்றுப் பை வெடித்து, ரத்தம் கட்டியாக இருந்தது. இருபது வருஷமாக மீன் பிடிக்கிறவருக்கு அது எதனால் என்று தெரியாதா? நிமிர்ந்து மேலே வேலை நடக்கும் பக்கம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தண்ணீரைப் பார்த்தேன். கத்தியைக் கழுவி மடக்கினார். "இன்று மீன் கடிக்காது. போகலாம்" என்றார். பங்களாவுக்குத் திரும்பினோம். வந்ததும் கவர்னருக்கு அனுப்ப ஒரு காகிதம் டைப் அடிக்கச் சொன்னார். அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. டைப் அடித்த குமாஸ்தா வெளியே வந்து, "சதி பெருசா இருக்கும்போல டபேதார்" என்று வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

மாரப்பனை மறுநாள் பிடித்தார்கள். அவர் இருந்த கூலி லைன் வீட்டைச் சோதனை போட்டபோது சுவரில் ஒட்டிய பத்திரிகையில் ஒரு தலைவர் படம் இருந்ததாம். "குளிருக்கு ஒட்டுனதுங்க, எங்களுக்கு எங்கீங்க படிக்கத் தெரியும்" என்று பழனியம்மா சொன்னதை யாரும் எழுதவில்லை. படத்தை மட்டும் எழுதினார்கள். மாரப்பன் சாக்கு மூட்டையோடு பஸ்ஸில் ஊட்டிக்கு வந்ததைப் பார்த்ததாகக் கண்டக்டர் சொன்னான். மூட்டை எங்கே போயிற்று? மூன்று தோட்டா எங்கே? மூன்று நாள் மாரப்பன் வாயைத் திறக்கவில்லை. நான் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, எனக்காகத்தான் வாயை மூடியிருக்கிறார் என்று தெரிந்தே நின்றேன். நாலாம் நாள் சொல்லிவிட்டார்: மீன் பிடித்தேன், ராவுத்தர் வீட்டு விசேஷத்துக்குக் கொடுத்தேன் என்று. துரை என்னை உள்ளே கூப்பிட்டார்.

மாரப்பன் தரையில் உட்கார்ந்திருந்தார். ஒரு கண் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் நிம்மதியாக மூச்சு விட்டதைப் பார்த்தேன். "டபேதார், இந்த மனிதன் உன் வீட்டுக்கு மீன் கொடுத்தானா?" என்றார் துரை. "சொல்லுங்க ராவுத்தரே" என்றார் மாரப்பன். மகனே, அந்த நேரத்தில் எனக்கு உன் ஞாபகம் வந்தது, குடும்பம் தெருவில் நிற்குமே என்று நினைத்தேன் என்று எழுதச் சொல்லலாம். உன் தங்கையும் அப்படி ஏதாவது சேர்க்கத்தான் பார்க்கிறாள். உண்மை வேறு. கிளப்பில் டிக் டிக் சிரிப்புக்கு ஆளாகி நின்ற துரைக்கு எந்தப் பதில் வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. இத்தனை வருஷம் அவர் முகத்தைப் பார்த்து நின்றவன், அவர் கேட்ட விதத்திலேயே தெரிந்துவிட்டது. தெரிந்ததைக் கொடுத்துப் பழகிய வாய். "எங்க ஊட்டு விருந்துல ஆட்டுக்கறிதானுங்க துரை. மீனே இல்லீங்க" என்றேன்.

மாரப்பன் கோபப்படவில்லை. நான் ஏதோ மறந்துவிட்டேன் என்பதுபோல ஞாபகப்படுத்தினார். "பையன் தொண்டையில முள்ளு சிக்கி, வாழைப்பழத்துக்கு ஓடுனீங்களே ராவுத்தரே. நெனச்சுப் பாருங்க." நான் தலையை ஆட்டினேன். "மூட்டை கொண்டாந்தாருங்க, என்னமோன்னு பயந்து நான் திருப்பி அனுப்பிட்டேனுங்க" என்றேன். இது துரை கேட்காதது. நானாகச் சேர்த்தது. குமாஸ்தா எழுதி வாசித்துக் காட்டினார், நான் பெருவிரலை மையில் அழுத்தி வைத்தேன். மாரப்பனை வெளியே கொண்டுபோன பிறகு துரை ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு கேட்டார்: "உன் மகனுக்கு என்ன வயது?" "ஏழுங்க துரை." "தொண்டை இப்போது சரியாகிவிட்டதா?" ஆகிவிட்டது என்றும் சொல்ல முடியவில்லை, ஒன்றும் இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அவர் பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. "அவனை நல்ல பள்ளிக்கூடத்தில் சேர். நான் கடிதம் தருகிறேன், சம்பளம் வாங்க மாட்டார்கள்" என்றார்.

அந்தக் கடிதத்தால் படித்தவன் நீ. துரை சீமைக்குத் திரும்பிப் போகும்போது எழுதிக் கொடுத்த சிபாரிசால்தான் இந்த உத்தியோகமும் கிடைத்தது. என் பெருவிரலுக்குத் துரை கொடுத்த விலை உன் படிப்பு. இதை உன்னிடம் சொல்ல எனக்குப் பதினாலு வருஷம் ஆயிற்று.

அவரை வெறும் கெட்டவர் என்று நினைத்துவிடாதே. டிபன் கேரியரில் துப்பாக்கி நிஜமாகவே இருந்தது. இன்னொரு முறை மலை ரயில் பாதையில் கழற்றியிருந்த நட்டுகளை அவர் அனுப்பிய டிராலிக்காரன் பார்க்காவிட்டால் ஒரு வண்டி ஜனம் பள்ளத்தில் போயிருக்கும். பயங்கரவாதம் என்று ஒன்று இல்லவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அதைத் தேடுகிறவர்கள் தேவைதான். ஆனால் அதைத் தேடுகிற மேசையில், இல்லாத இடத்திலும் அது இருந்தால் நல்லது என்று ஒரு நாள் வரும். அன்று மாரப்பனைத் தவிர உண்மை தெரிந்தவர்கள் இரண்டு பேர் அந்த அறையில் இருந்தோம். ஒருவர் மாகாணத்துக்கே பெரிய போலீஸ், ஒருவன் எழுத்தறியாத டபேதார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்கவில்லை. உன் ஆபீசில் எல்லாரும் ஒரே பேச்சாக ஒரு பேரைச் சொன்னால், யார் யாரைக் காப்பாற்றுகிறார்கள் என்று பார். கேட்காததையும் சேர்த்துச் சொல்கிற சாட்சியை நம்பாதே. அப்படிச் சொன்னவன் எழுதுகிறேன்.

மாரப்பன் பதினாலு மாசம் ஜெயிலில் இருந்தார். நிரூபிக்க முடியாமல் விட்டார்கள். பேரை விடவில்லை. எந்த எஸ்டேட்டிலும் பேர்ப் பதிவுக்குப் போனால் கங்காணி தலையை ஆட்டிவிடுவான். குன்னூர் கடைவீதியில் மூட்டை தூக்கிப் பிழைத்தார். நான் இரண்டு முறை எதிரே வந்துவிட்டு, இரண்டு முறையும் துணிக்கடைக்குள் நுழைந்துகொண்டேன். இரண்டாம் முறை கடைக்காரர், "என்ன வேணுங்க டபேதார்?" என்று கேட்க, வேண்டாத ஒரு துண்டை வாங்கிக்கொண்டு வந்தேன். நீ கல்யாணங்களுக்குத் தோளில் போடுகிற பச்சைக்கரைத் துண்டு அதுதான்.

பழனியம்மா வந்த அன்று உன் அம்மா அவளை உள்ளே உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தாள். தட்டில் உன் உத்தியோகத்து மிட்டாய் மீந்தது இருந்தது. அதைத் தொடவில்லை. கும்பிட்டுக்கொண்டே பேசினாள். "ஏனுங்க ராவுத்தரே, பையன் அந்த ஆபீசுக்கே போயிருக்காராமா. நெம்ப சந்தோசமுங்க. ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க, இவரக் கீழ அனுப்பாம இருந்தாப் போதும். ஊட்டுல வெச்சு நான் பாத்துக்கறேனுங்க." அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்து, "பாக்கலாம் பாக்கலாம்" என்றேன். எழுந்து வாசல்வரை போனவள் திரும்பினாள். "அந்த மீன நான்தானுங்க கழுவுனேன். மண்ணுல உரசி வழுவழுப்பு போகக் கழுவி, மஞ்சத் தடவி வெச்சேன். உங்க ஊட்டுக்காரம்மாவுக்கு அந்த மீனு கழுவத் தெரியாதுன்னு இவரு சொன்னாரு. ஸ்டேசன்ல போயி நான் சொன்னேன், ஆரும் காதுல போட்டுக்கல. உங்கள வந்து கேக்கறேன்னு அப்பவே கெளம்புனேனுங்க. இவருதான், வேண்டாம், அவருக்கும் புள்ளகுட்டி இருக்குன்னு தடுத்துட்டாரு." அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் நான் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன்.

உன் அம்மா அந்த மிட்டாய்த் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்கு மீன் தெரியும், நான் வைத்த ரேகை தெரியாது. சாயங்காலம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "இப்ப நானும் ரேகை வெக்கணுமா, எழுதுனா?" வைக்கலாம் என்றேன். மறுநாள் உன் தங்கையை எழுத வைத்தேன். மீன் வந்தது, யார் கேட்டது, யார் கொண்டுவந்தது, யார் தின்றது, நான் பொய் சொன்னது, ஆற்றங்கரையில் துரை கீறிய குஞ்சு மீன் வரை. என் ரேகை, உன் அம்மா ரேகை, பழனியம்மா ரேகை. எழுதும்போது உன் தங்கை இரண்டு முறை பேனாவை வைத்துவிட்டாள். "அண்ணனுக்கு வேலை போயிரும்ங்க அத்தா. போலீசுக்குப் பொய் சொன்னவரு மகன்னு வெளிய அனுப்பிருவாங்க." போகலாம் என்றேன். "உங்களையும் புடிச்சிட்டுப் போவாங்க." அதுவும் நடக்கலாம் என்றேன். "அண்ணனுக்கு எழுதிக் கேட்டுட்டு அனுப்பலாமே" என்றாள்.

அதைத்தான் யோசித்தேன். உன்னைப் பற்றி எனக்கு இருக்கும் சந்தேகத்தையும் சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொள்ளாதே. பழைய கட்டுகளை எடுத்துக் கொடுக்கிற வேலை உனக்கு. என் பழைய ரேகை இருக்கிற காகிதம் உன் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. இதை முதலில் உனக்கு எழுதினால் நீ அந்தக் காகிதத்தைத் தேடி எடுப்பாய். என்னைக் காப்பாற்றுகிறேன் என்று கிழித்துப் போடுவாய். அது போய்விட்டால் மாரப்பன் பேரிலுள்ள குற்றம் எதனால் என்று யாருக்கும் தெரியாது. பேர் மட்டும் அப்படியே நிற்கும். நீ அப்படிச் செய்ய மாட்டாய் என்று உன் அம்மா சத்தியம் செய்கிறாள். நீ என் மகன். அதனால் செய்வாய் என்று நினைக்கிறேன். ஆகவே அந்த வாக்குமூலத்தை உனக்கு அனுப்பவில்லை. நேற்று நானே தபாலாபீசுக்குப் போய், உன் ஆபீசில் இப்போது எல்லாருக்கும் மேலே இருக்கிற துரையின் பேருக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டேன். அதன் நகல் ஒன்றைக் கோயம்புத்தூரில் ஒரு வக்கீலிடம் உன் மாமு கொடுத்துவிட்டார். உன் மாமு என்னை இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறார், ஆனால் கொடுத்துவிட்டார். இந்தக் கடிதம் ஒரு நாள் தாமதமாகத்தான் உனக்கு வரும். வேண்டுமென்றேதான்.

அவர்கள் நம்பாமலும் போகலாம். கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது, மாரப்பன் ஆள்கள் மிரட்டி எழுதி வாங்கினார்கள் என்று சொல்லலாம். பழைய பெரிய துரையைப் பற்றி எழுதியதற்காகவே தூக்கி எறியலாம். அப்படிச் செய்வார்கள் என்றுதான் நான் சந்தேகப்படுகிறேன். அதனால் உன்னைக் கூப்பிடுவார்கள். அன்போடுதான் கூப்பிடுவார்கள், உட்காரச் சொல்வார்கள், உன் வேலையைப் பாராட்டுவார்கள். உன் தகப்பனுக்கு வயதாகிவிட்டது இல்லையா, நினைவு தடுமாறுகிறது இல்லையா என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். உனக்கு வேலை இருக்கும், எனக்கு லாக்கப் இருக்காது. அவர்களுக்கு எந்தப் பதில் வேண்டும் என்று அவர்கள் முகத்திலேயே உனக்குத் தெரியும். நீயும் அதைப் படிக்கத் தெரிந்தவன்தான். அன்று உனக்கு ஏழு வயது. மீன் தின்றது உனக்கு ஞாபகம் இருக்கிறது. போன வருஷம்கூட உன் தங்கையிடம் அதைச் சொல்லிச் சிரித்தாய், நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த அறையில் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியாது. தெரியாமலே இதை முடிக்கிறேன். நாளைக் காலை குன்னூர் லாக்கப்புக்குப் போகிறேன். மாரப்பனைப் பார்க்க விடுவார்களா தெரியாது. விடாவிட்டால், விடும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன்.